கடலைக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை

கேள்வி: மூன்றரை வருடத்துக்கு முன்னால் எங்கள் அபார்ட்மெண்ட் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், மழையில் நனைந்த ஒரு ஷூ பெட்டிக்குள் இரண்டு பெண் கினி பிக் (முயலைவிடச் சின்னதாக, வாலில்லாமல் இருக்கும் வளர்ப்புப் பிராணி) கிடந்தன. யாரோ வளர்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டும் பழுப்பு நிறம், எந்நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்போது ஆறு வயதாக இருந்த என் மகன் கடலை, மிட்டாய் என்று பெயர் வைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டுமே வராது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடிவரும்.

போன வாரம் கடலை இறந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே தாடைக்குக் கீழே ஈரமாக இருந்தது. தண்ணீர் குடித்ததால் என்று நினைத்தேன். கொத்தமல்லியை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடும். செவ்வாய்க்கிழமையிலிருந்து எதையும் தொடவில்லை. வியாழன் மாலை இரண்டு கிளினிக்குக்குப் போன் செய்தேன், நாய் பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு, மகனுக்கு வாங்கி மீதமிருந்த அமாக்ஸிசிலின் சிரப்பைச் சில துளி கொடுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் விறைத்துக் கிடந்தது. அந்த மருந்து கினி பிக்குக்கு விஷம் என்று அப்புறம்தான் படித்தேன். நான்தான் கொன்றேனா?

‘போனது ஒரு எலி, வீட்டுல துக்கம் விழுந்த மாதிரி உக்காந்திருக்கியே’ என்கிறார் மாமியார். இத்தனைக்கும் தினமும் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டவர் அவர்தான். வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுகிறேன். என் அப்பா இறந்தபோதுகூட இப்படி அழவில்லை, அது வேறு வெட்கமாக இருக்கிறது. மிட்டாய் மூலையிலேயே கிடக்கிறது. மகனிடம் கடலை ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். ‘அது வர்ற வரைக்கும் மிட்டாயை மட்டும் எப்படிம்மா கூப்பிடறது?’ என்கிறான்.

- ஒரு வாசகி, சேலம்

பதில்: முதலில் அந்த சிரப். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் உங்கள் மனதில் ஏறாது.

நீங்கள் படித்தது உண்மைதான். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கினி பிக்குக்கு ஆகவே ஆகாது. அது தின்னும் புல்லைக் குடலில் நொதிக்க வைப்பதற்கென்று ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கிறது. இந்த மருந்துகள் அந்தக் கூட்டத்தை அழித்துவிடும். காலியான இடத்தில் குளோஸ்ட்ரிடியம் என்ற வேறொரு வகை பெருகி நஞ்சைச் சுரக்கும். குடல் புண்ணாகும், கழிச்சல் வரும், உடம்பு சில்லிட்டுப்போகும், பெரும்பாலும் உயிர் பிழைக்காது.

ஆனால் இது நடக்க நேரம் வேண்டும். நல்ல கிருமி சாக வேண்டும், கெட்ட கிருமி பெருக வேண்டும், நஞ்சு சேர வேண்டும். சாதாரணமாக ஒரு நாளாவது ஆகும், பல சமயம் நாலைந்து நாள்கூட ஆகும். நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வேளை, அதுவும் சில துளி. ஒன்பதிலிருந்து ஐந்து வரை எட்டு மணி நேரம். கழிச்சல் இருந்ததாக நீங்கள் எழுதவும் இல்லை. உடலைப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது என்றாலும், 26 வருடம் கால்நடை மருத்துவத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன்: அந்த சிரப் கடலைக்கு நல்லது எதுவும் செய்திருக்காது, ஆனால் கொன்றது அது இல்லை.

சரி, எது கொன்றது? உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. தாடைக்குக் கீழே ஈரம், வாயில் எடுத்த தழையைக் கீழே போடுவது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கினி பிக் பார்த்துப் பழகிய எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது கடைவாய்ப் பல். கினி பிக்குக்கு மொத்தம் இருபது பற்கள், இருபதும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மென்று மென்று தேய்ந்தால்தான் சரியான அளவில் நிற்கும். தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டதுபோல மூடிக்கொள்ளும். அப்புறம் விழுங்க முடியாது. பசி இருக்கும், தழையை ஆசையாக வாயில் எடுக்கும், உள்ளே தள்ள முடியாமல் கீழே போட்டுவிடும். விழுங்காத எச்சில் தாடையில் வழியும். நீங்கள் தண்ணீர் என்று நினைத்தது அதைத்தான்.

இது ஒரு வாரத்தில் வருகிற நோய் இல்லை, மாதக்கணக்கில் வளர்வது. பெட்டியில் கிடைத்தபோதே வளர்ந்த கினி பிக் என்றால், கடலைக்கு இப்போது நாலு வயதாவது இருந்திருக்கும். நன்றாக வளர்த்தால் ஐந்திலிருந்து எட்டு வருடம் வாழ்கிற பிராணி அது. உங்களிடம் வருவதற்கு முன்னால் என்ன தின்று வளர்ந்ததோ, யாருக்குத் தெரியும். கடைக்காரர் கொடுத்த பெல்லட் என்கிற குச்சித் தீவனமும் கேரட்டும் மட்டும் போட்டு, புல்லே காட்டாமல் வளர்க்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி ஒரு கசப்பான விஷயம். சொல்லாமல் விட்டால் நீங்களே எங்காவது படித்துவிட்டு இன்னொரு தடவை உடைந்து போவீர்கள். கினி பிக் அரை நாள் எதுவும் தின்னவில்லை என்றாலே கவனிக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினால் அவசர சிகிச்சை. அதன் குடல் நிற்காமல் ஓடுகிற ஆலை மாதிரி. நின்றுவிட்டால் மறுபடி ஓட்டுவது பெரும்பாடு. செவ்வாயிலிருந்து வியாழன் மாலை வரை இருந்த அந்த இரண்டு நாள், அதுதான் கடலைக்கு எதிராகப் போனது. உங்கள் பங்கு என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு நாளில் இருக்கிறது, சிரப் பாட்டிலில் இல்லை.

அந்தப் பங்கையும் அளந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டில் எல்லாவற்றுக்கும் இரையாகிற இனம் அது. நோயைக் காட்டினால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும், எனவே கடைசி வரை ஒன்றுமில்லாததுபோல உட்கார்ந்திருக்கும். என் மேஜைக்கு வருகிற கினி பிக்குகளில் பாதி, ‘நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு டாக்டர்’ என்ற வாசகத்தோடுதான் வருகின்றன. எடை போட்டுப் பார்த்தால் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். புசுபுசுவென்ற முடி அதை மறைத்துவிடும். செவ்வாய்க்கிழமையே நீங்கள் கொண்டுபோயிருந்தாலும், மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்க்க வேண்டும், மெலிந்துபோன உடம்பு மயக்கத்தைத் தாங்க வேண்டும், அதன் பிறகும் சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும். பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், காலில் புண்ணோடு வந்த ஒரு கினி பிக்குக்கு நான் ஆம்பிசிலின் ஊசி போட்டேன். மாடு, ஆடு, நாய், கோழி என்று படித்துவிட்டு வந்தவன். இது என்ன, சின்ன முயல் மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் போட்டேன். ஐந்தாம் நாள் செத்துப்போனது. தூக்கிக்கொண்டு வந்த கல்லூரிப் பெண் என் கையைப் பிடித்து, ‘நீங்க முடிஞ்சதெல்லாம் பண்ணீங்க டாக்டர்’ என்றாள். அன்று இரவு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவே இல்லை. அவளுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். டாக்டருக்குப் படித்தவனே செய்த தப்பு அது. ராத்திரி ஒன்பது மணிக்கு, இரண்டு கிளினிக் கைவிட்ட பிறகு, வீட்டில் இருந்ததை வைத்துக் காப்பாற்றப் பார்த்த உங்களை நான் எந்த வாயால் குற்றம் சொல்வது?

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இறந்தபோது வீடு நிறைய ஆள் இருந்திருக்கும். வந்தவர்களுக்குக் காபி, போன் செய்ய வேண்டிய உறவுகள், பந்தல், பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம். ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்து, ‘எப்படி ஆச்சு? கடைசியா என்ன சாப்பிட்டாரு? யாரையாவது கேட்டாரா?’ என்று விசாரித்திருப்பார்கள். நீங்களும் அம்மாவும் அதே கதையை நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். அந்த நேரத்தில் அது தொந்தரவாகத்தான் இருக்கும். நூறாவது தடவை சொல்லும்போது குரல் உடைவது கொஞ்சம் குறைந்திருக்கும். நம் ஊரில் துக்கம் விசாரிப்பது என்பது இதற்குத்தான்.

கடலைக்கு யாரும் வரவில்லை. கடைசியாக என்ன சாப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் ஆறு பக்கம். இங்கே இடமில்லாமல் சுருக்கித்தான் போட்டிருக்கிறது. அதில் நாலு பக்கம், எந்த நாள் எதை முகர்ந்தது, எப்போது தலையைத் திருப்பிக்கொண்டது என்ற விவரம்தான். எந்த நோயாளி வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, ‘எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?’ துக்க வீட்டில் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான். நீங்கள் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் காத்திருந்திருக்கிறீர்கள். அப்பாவைவிட ஒரு கினி பிக் மேல் அதிகப் பாசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்பாவுக்காக அன்று அழ நேரமில்லாமல் போனதும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம், லீவு கொடுக்காத துக்கம் என்று ஒன்று இருப்பதை மனநலத் துறையில் தனியாகவே பேசுகிறார்கள். கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் அதற்கென்று ஒரு பெயரும் வைத்தார். வளர்ப்புப் பிராணியின் சாவை அதில் முக்கியமாகச் சேர்க்கிறார்கள். எனவே உங்களுக்குப் பைத்தியம் எதுவும் இல்லை. அழுகை அலையலையாக வரும், இடைவெளி மெல்ல மெல்லக் கூடும். வாரங்கள் போயும் தூக்கமே இல்லை, வேலை ஓடவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று இருந்தால் மட்டும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அபார்ட்மெண்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில், வாட்ச்மேன் டார்ச் பிடிக்க, ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டடி ஆழம் தோண்டியிருந்தால் போதும். தெருநாய் கிளறாமல் இருக்க மேலே கனமான கல் ஒன்றை வையுங்கள். கல்லை உங்கள் மகன் தேர்ந்தெடுக்கட்டும்.

யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த வீரனுக்கு வைத்த கல் அது. அதில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காவல் இருந்த அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள்: கோவிவன். ஆயிரத்து நானூறு வருடம் ஆகிவிட்டது, பெயர் இன்னும் அழியவில்லை. இன்றைக்கும் கோயில் காளை இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு, வேட்டி சாத்தி, மேளம் கொட்டி அடக்கம் பண்ணுகிறோம். பிராணிக்கு அழுவது நமக்குப் புதிதே இல்லை. கடலை திருடனைக் கடிக்கவில்லை, வாடிவாசலில் பாயவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் கல் நெஞ்சக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் வெள்ளரிக்காய் நறுக்கியவருக்கு இப்போது அந்த நேரத்தில் கை சும்மா இருக்கும். சின்ன வயதில் அவர் வீட்டில் என்ன மாடு இருந்தது, அது எப்படிப் போனது என்று ஒரு சாயங்காலம் கேட்டுப் பாருங்கள். எலி என்று அவர் சொல்வதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொறிக்கும் இனம் என்ற வகையில் எலிக்குத் தூரத்துச் சொந்தம்தான். பெயரில் ‘பிக்’ இருந்தாலும் பன்றிக்குத்தான் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘இதால என்ன பிரயோஜனம்’ என்று கேட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள்: மனிதனைப் போலவே கினி பிக்கின் உடம்பாலும் வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ள முடியாது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கினி பிக்குகளுக்கு வெறும் தானியம் மட்டும் போட்டு, மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயை அவற்றுக்கு வரவழைத்துக் காட்டினார்கள். வைட்டமின் சி-யைக் கண்டுபிடிப்பதற்கு அதுதான் வழி திறந்தது. நெல்லிக்காய் நல்லது என்று பாட்டிகளுக்கு முன்பே தெரியும். ஏன் நல்லது என்று விஞ்ஞானத்துக்குத் தெரிந்ததில் இந்த ‘எலி’க்குப் பங்கு உண்டு.

மகனிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒன்பது வயதில் சாவு என்றால் திரும்பி வராது என்பது நன்றாகப் புரியும். ஊருக்குப் போயிருக்கிறது என்று சொன்னால், ஏன் மிட்டாயை விட்டுவிட்டுப் போனது, என்மேல் கோபமா என்றெல்லாம் அவன் தனியாக யோசித்துக்கொண்டிருப்பான். ‘கடலை செத்துப்போச்சு, பல்லில் நோய், சாப்பிட முடியல, அம்மாவுக்கும் அது தெரியல’ என்று நேராகச் சொல்லுங்கள். சிரப்பையும் மறைக்க வேண்டாம். அது அவனுடைய பாட்டில். என் மருந்தால்தான் செத்தது என்று வேறு யார் வாயிலாவது கேட்டால் அவன் சின்ன மனதில் அது எங்கே போய் உட்காருமோ தெரியாது. அதனால் நடந்திருக்காது என்று டாக்டர் சொன்னார் என்பதையும் சேர்த்து, நீங்களே சொல்லுங்கள். நான் அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதுபோல விட்டுவிடாதீர்கள்.

இப்போது மிட்டாய். எனக்கு உங்கள் எல்லோரையும்விட அதைப் பற்றித்தான் கவலை. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பத்து நாளுக்குப் பிறகு வாரம் ஒருமுறை போதும். இரண்டு மூன்று நாளில் 50 கிராமுக்கு மேல் இறங்கினாலோ, புழுக்கை சிறுத்தாலோ, அரை நாள் எதையும் தொடாமல் இருந்தாலோ காத்திருக்காதீர்கள். இரண்டும் ஒரே தட்டில் தின்றவை என்பதால், எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பல்லைக் காட்டிவிடுவது நல்லது. சேலத்திலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றும் பெரிய தூரமில்லை. போவதற்கு முன்னால் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் பென்சிலின் வேண்டாம் என்று வெட்கப்படாமல் ஞாபகப்படுத்துங்கள். என் மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கலாம். சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும். அருகம்புல், காய்ந்த புல் இரண்டும் சரி. நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், தீனிக்கு ஆகாது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் அல்லது கொய்யா கொடுங்கள்.

மிட்டாய்க்குத் துணை வேண்டும். கணவர் சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும், ஆனால் மிட்டாய் தரப்பில் பார்த்தால் அவர் சொன்னது தப்பில்லை. கினி பிக் தனியாக இருக்கப் பிறந்த பிராணி இல்லை. சுவிட்சர்லாந்தில் 2008-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒற்றைக் கினி பிக் வளர்ப்பது சட்டத்துக்கே விரோதம். அதற்காக நாளைக்கே கடைக்கு ஓட வேண்டாம். உங்களுக்கு மனம் ஆறும் வரை ஒரு மாதம் போகட்டும். அதுவரை கூண்டை ஆள் நடமாடும் இடத்தில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு யாராவது வளர்க்க முடியாமல் கொடுக்கிற ஒரு பெண் கினி பிக்கை எடுங்கள். முயலைத் துணைக்கு விடாதீர்கள். முயல் ஆரோக்கியமாக இருக்கும்போதே கினி பிக்குக்கு நிமோனியா கொடுக்கிற கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். புதிதாக வருவதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டுக்கும் பழக்கமில்லாத ஒரு தரையில், தழையை இரண்டு இடத்தில் போட்டு, அறிமுகம் செய்யுங்கள். பல்லைக் கடகடவென்று அடித்தால் கோபம், பிரித்துவிடுங்கள். அடுத்த நாள் மறுபடி பார்க்கலாம்.

உங்கள் மகன் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. மிட்டாய் எப்படியும் பெயருக்கு வராது, ஃபிரிட்ஜ் கதவுக்குத்தான் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவன் பழையபடி ‘கடலைமிட்டாய்’ என்றே கூப்பிடட்டும்.